எல்லைக்காரர்கள்: இரும்புக்கை மாயாவியும் நம்மூர் வீரனும்

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால், மாநில எல்லையை மூன்று முறை கடக்க வேண்டும். மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்கும். திருபுவனை, திருவண்டார்கோயில் தாண்டினால் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு திரும்ப வந்துவிடும். அரியூரில் மறுபடியும் புதுச்சேரி. அதன் பிறகுதான் வில்லியனூர். தெற்கே, தென்பெண்ணையை ஒட்டிய பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலும் இதே கதைதான். ஒருவர் கழனி புதுச்சேரியில் இருக்கும், பக்கத்துக் கழனி கடலூர் மாவட்டத்தில் இருக்கும். பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லை இது.

இந்த ஊர்களுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. அதை எந்த சர்வேயரும் அளந்ததில்லை. ஏரிக்கரையிலோ, பனைமரக் கூட்டத்தின் நிழலிலோ, ஊர் முடிந்து கழனி தொடங்கும் இடத்தில் அய்யனார் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் வீரன், முனீஸ்வரன், சுடுமண் குதிரைகள். ஓங்கிய அரிவாள், முறுக்கிய மீசை, இமைக்காத கண். ராத்திரியில் அய்யனார் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார், கெட்டது எதையும் உள்ளே விடமாட்டார் என்பது நம்பிக்கை. மனிதருக்கு இல்லாத ஆற்றல், தனி உடுப்பு, தனி ஆயுதம், தனி வாகனம், காப்பதற்கு ஓர் ஊர். அமெரிக்காவில் 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் காரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சூப்பர்மேன் தோன்றியபோது, இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட ஒருவர் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தார்.

சூப்பர் ஹீரோ என்பது வெள்ளைக்காரர்களின் சரக்கு, நாம் அதை இரவல் வாங்கிப் பார்க்கிறோம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அது தவறு. கதையும் ஆற்றலும் நம்மிடம் இருந்தன. நாம் இரவல் வாங்கியது முகமூடியை மட்டும்தான். அதனால்தான் முகமூடியை மட்டும் கொண்டுவந்த தமிழ்ப் படங்கள் நிற்கவில்லை. ஓர் எல்லையையும் அதைக் காக்கும் கடனையும் சேர்த்துக் கொண்டுவந்தவை நின்றன.

சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை

தமிழ்ச் சிறுவர்களுக்கு அச்சில் கிடைத்த முதல் பெரிய சூப்பர் ஹீரோ இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். மூலம் இங்கிலாந்து. 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வெளிவந்தது. எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயி க்ராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும்.

தொடக்கத்தில் அவர் நல்லவர் இல்லை. கிடைத்த ஆற்றல் அவர் புத்தியைப் பேதலிக்க வைக்கிறது. திருடுகிறார், நகரத்தையே மிரட்டுகிறார். பிறகுதான் நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார். பிளாஸ்கோவின் கறுப்பு மை ஓவியங்களில் அந்தக் கை தனியாக ஒரு கதவைத் திறப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதை மறந்திருக்க மாட்டார்கள். கிராமத்து வீட்டில் கரண்ட் என்றால் பயம். பம்புசெட் ஷெட்டுக்குள் போகாதே, ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று வளர்ந்த பிள்ளைக்கு, மின்கம்பியைத் தானே தேடிப்போய்ப் பிடிக்கும் ஒருவன் எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருப்பான்!

1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் ஆசிரியர். ஸ்பைடர் அதில்தான் புகழ்பெற்றான். மார்வெலின் ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை. இவன் கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட பிரிட்டிஷ் ஸ்பைடர். குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆக ஆசைப்பட்டுப் பிறகு மனம் மாறியவன். இவனுடைய கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். இருவரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு பல வருடம் வழக்காடினார்கள். அந்த சீகல் 1960-களில் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதிய கதைகள் சிவகாசியில் தமிழாகி நம் கைக்கு வந்தன. சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தைத்தான் படிக்கிறோம் என்பது அன்று அநேகமாக யாருக்கும் தெரியாது.

அதே 1984-ல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தொடங்கியது. லீ ஃபால்க் 1936-ல் உருவாக்கிய 'ஃபேன்டம்' அதில் முகமூடி வீரர் மாயாவி ஆனார். ஆக, தமிழில் இரண்டு மாயாவிகள். இரும்புக்கை மாயாவியா, முகமூடி மாயாவியா என்று பள்ளிக்கூடத் திண்ணைகளில் கட்சி கட்டிச் சண்டை போட்ட தலைமுறைக்கு இன்று ஐம்பது வயது ஆகிறது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

காமிக்ஸ் வாங்கக் காசில்லாத வீடுகளுக்கும் ஒரு படக்கதை போனது: தினத்தந்தியின் கன்னித்தீவு. 1960-ல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நீளும் கதை. மந்திரவாதி மூசா, சிறு பொம்மை அளவுக்குச் சுருக்கப்பட்ட லைலா, அவளைக் காப்பாற்றத் திரியும் சிந்துபாத். டீக்கடைப் பெஞ்சில் பேப்பரை நான்காகப் பிரித்துக்கொண்டு, அரசியல் பக்கத்தை ஒருவரும் கன்னித்தீவை இன்னொருவரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவரும் அந்த மூன்று கட்டங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கிராமத்தில் காமிக்ஸ் வாசிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

திரைக்குப் பின்னால் யார்?

வில்லியனூர், பாகூர் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, தீமிதியோடு முடிக்கும் வழக்கம் உண்டு. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் பெரிய வேஷம் வரும் விதத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். உள்ளே இருப்பவர் தன் பெருமையைத் தானே பாடுவார். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். சலங்கை அதிரும். கட்டியங்காரன் வெளியிலிருந்து கேள்வி கேட்டுக் கூட்டத்தைத் தவிக்க விடுவான். கடைசியில் திரை விலகும். கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடமும் தோளை இரண்டு மடங்கு அகலமாக்கும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் கேஸ் லைட் வெளிச்சத்தில் ஒருசேர மின்னும். ஹாலிவுட்டில் கோடிகள் கொட்டி எடுக்கும் அறிமுகக் காட்சியின் இலக்கணம் முழுவதும் இந்தத் துணித்திரைக்குள் இருக்கிறது.

ஆற்றலைக் கண்ணால் காட்டும் வித்தையும் கூத்துக்கு அத்துப்படி. அர்ச்சுனன் தபசு அன்று, வேஷக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். படுகளத்தன்று துரியோதனனைத் தரையில் மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்கவைப்பார்கள். திரௌபதி அங்கே வந்து கூந்தல் முடிப்பாள். அரவான் பலியாகும் கட்டமோ இன்னும் கனமானது. முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவன், பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே கொடுத்துவிட்டு, பதினெட்டு நாள் போரையும் வெட்டுண்ட தலையால் பார்க்க வரம் கேட்டவன். கூவாகத்தில் மட்டுமா, புதுச்சேரியின் பிள்ளையார்குப்பத்திலும் அவன்தான் கூத்தாண்டவர். திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். உலகத்தின் எந்த காமிக்ஸ் கம்பெனியிலும் இப்படி ஒரு நாயகன் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மேலைநாட்டு நாயகனுக்கு ஆற்றல் வெளியிலிருந்து வருகிறது: வேற்றுக் கிரகம், கதிரியக்கச் சிலந்தி, ஆய்வுக்கூட விபத்து. நம் நாட்டுப்புற நாயகனுக்கு அது அநியாயத்திலிருந்து வருகிறது. காத்தவராயன் ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். சாதி கிழித்த கோட்டைத் தாண்டினார்கள், ஊர் கொன்றது, பிறகு அதே ஊர் பயந்து கும்பிட்டது. எல்லையில் நிற்கும் சாமிகளில் பலர் அந்த எல்லைக்குள் அநியாயமாகச் செத்தவர்கள். அவர்கள் ஊரைக் காப்பதாக ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குள் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது என்பதைக் கதைப்பாட்டைக் கவனித்துக் கேட்டவர்கள் உணர்வார்கள்.

சினிமா இந்த இடத்தில் தடுமாறியது. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' மாபெரும் வெற்றி. அதில் அவன் அரச குடும்பத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்பவன். பிறப்பு அரண்மனை என்று வைத்துவிட்டால் கதையின் கொதிப்பு பாதி தணிந்துவிடும். கதைப்பாடல்களிலும் அந்த அரண்மனைப் பிறப்பு உண்டு. இருந்தாலும், திரை அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1958-ல் சிவாஜி நடித்த 'காத்தவராயன்' அந்த அளவுக்குக்கூட நினைவில் நிற்கவில்லை.

டெண்ட் கொட்டகையில் பறந்தவர்கள்

தமிழ்த் திரையில் அதீத ஆற்றல் புதிதல்ல. 1957-ன் 'மாயா பஜார்' படத்தில் எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாகக் காலி செய்யும் காட்சியில், மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு செய்த ஜாலம் இன்றும் கண்ணை நம்ப வைக்கிறது. விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்கள் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்து டெண்ட் கொட்டகைகளை நிரப்பின. 1978-ன் 'ஜகன்மோகினி'யை நினைவு வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்.

பிறகு அம்மன் படங்கள். இராம.நாராயணன் 1990-ல் 'ஆடி வெள்ளி' எடுத்தார். கோடி ராமகிருஷ்ணாவின் 'அம்மோரு' 1995-ல் வெளியாகி, தமிழில் 'அம்மன்' ஆனது. கிராபிக்ஸ் என்ற சொல்லையே பல கிராமத்துப் பெண்கள் அந்தப் படத்தில்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். விமர்சகர்கள் இவற்றை ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணுக்காக ஒரு மாபெரும் சக்தி இறங்கி வருகிறது என்பதுதான் இவற்றின் கதை. சூப்பர்மேனின் முதல் இதழிலேயே அவன் செய்யும் வேலைகளில் ஒன்று, மனைவியை அடிப்பவனைப் பிடித்து உதைப்பது. அந்த நியாயம் நம் திரையில் அம்மன் படங்களில்தான் இருந்தது. அதைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இதே வேலையை முகமூடி ஹீரோ படங்கள் செய்ய முயன்று தோற்றன. 2012-ல் மிஷ்கின் இயக்கிய 'முகமூடி'யில் உழைப்பு இருந்தது, அழகான சண்டைக்காட்சிகள் இருந்தன. அந்த முகமூடி ஏன் இந்த ஊருக்கு வேண்டும் என்பதற்குப் பதில் இல்லை. 2019-ன் 'ஹீரோ' கல்வி முறையைக் கையில் எடுத்தது, நல்ல எண்ணம். ஆனாலும் அந்த நாயகன் எந்தத் தெருவுக்கும் சொந்தக்காரன் ஆகவில்லை.

2021-ல் மலையாளத்திலிருந்து 'மின்னல் முரளி' வந்தது. குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமம், ஒரு தையல்காரன், ஒரே மின்னல் இருவர் மேல் இறங்குகிறது. இயக்கியவர் பேசில் ஜோசப். முரளியைவிட மனதில் தங்கியவன் வில்லன் ஷிபு. நடித்தவர் நம் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்ற குரு சோமசுந்தரம். ஊர் ஏளனம் செய்து ஒதுக்கிய ஒருவன், தன் காதலுக்காகக் காத்திருந்தவன், அது பறிபோனதும் ஊரையே எரிக்க எழுகிறான். இவனுக்குச் சொந்தம் காத்தவராயனே தவிர, அமெரிக்க காமிக்ஸ் வில்லன்கள் இல்லை. அவனைப் பார்த்தபோது கோபம் வராமல் அழுகை வந்ததற்குக் காரணம் அதுதான்.

2023 ஜூனில் ஏ.ஆர்.கே.சரவண் இயக்கத்தில் ஹிப்ஹாப் ஆதி நடித்த 'வீரன்' வந்தது. இங்கே பேசும் விஷயத்துக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ப் படம் இல்லை. சிறுவயதில் மின்னல் தாக்கிய குமரனுக்கு ஆற்றல் கிடைக்கிறது. ஊருக்குள் ஆபத்தான மின்தடம் போட ஒரு கம்பெனி வருகிறது. அதற்கு வீரன் கோயில் இடம் வேண்டும். ஊராருக்கோ சாமி மேல் நம்பிக்கை தேய்ந்துவிட்டது. குமரன் வீரன் வேஷம் கட்டுகிறான். நகரத்திலிருந்து முகமூடி தருவிக்கவில்லை. எல்லையில் நிற்கும் சாமியின் உடுப்பையே எடுத்துக்கொள்கிறான். படம் நடுவில் தொய்கிறது, வில்லன் தட்டையாக இருக்கிறான். ஆனால் அந்த ஒரு யோசனை சரியானது. அதற்காகவே இதைத் திரும்பப் பார்க்கலாம்.

அடுத்த மாதமே மடோன் அஸ்வினின் 'மாவீரன்'. நாயகன் பத்திரிகைக்குப் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி. குடிசைவாசிகளை அப்புறப்படுத்திக் குடியேற்றிய அடுக்குமாடியில் சுவர் பெயர்ந்து விழுகிறது. அவன் காதில் மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அவனை வீரனாக்கிக் கதை சொல்கிறது. பணக்கார முகமூடிகள் மலிந்த காலத்தில், ஆற்றலை ஒரு குடியிருப்பின் சுவரோடு கட்டிவைத்த படம் இது. 1939-ல் வந்த ஒரு கதையில் சூப்பர்மேனும் குடிசைப் பகுதியை இடித்து, அரசாங்கம் அங்கே நல்ல வீடு கட்டித் தர நேருமாறு செய்வான். அமெரிக்காவிலும் சூப்பர் ஹீரோ பிறந்தபோது ஏழைகளின் ஆள்தான். வானவெளிச் சண்டைகளுக்குப் போனது பிறகு நடந்தது.

'மாவீரன்' குரல் விஜய் சேதுபதியுடையது. 2019-ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன்மேனுக்கும் அவர்தான் குரல். வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், தமிழ்ப் பாட்டு ஏ.ஆர்.ரஹ்மான். அந்தக் குரல் ஒட்டவில்லை என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். ஒரே குரல் ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் பொருந்தாமல் போனது குரலின் குற்றமில்லை. ஒன்றில் அவர் நம்மோடு பேசினார். மற்றதில் வேறொருவரின் உதட்டுக்குப் பேசினார்.

2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' கேரளத்தின் கள்ளியங்காட்டு நீலி கதையை எடுத்து, கல்யாணி பிரியதர்ஷனை நாயகியாக்கி, அதுவரை வந்த மலையாளப் படங்கள் எல்லாவற்றையும் வசூலில் தாண்டியது. நாட்டுப்புறத்து யட்சி ஒருத்தி சூப்பர் ஹீரோ ஆனாள். நமக்கும் ஒரு நீலி இருக்கிறாள்: பழையனூர் நீலி, திருவாலங்காட்டுக்காரி. அவளை யாரும் இன்னும் அழைக்கவில்லை.

யாருடைய ஹீரோ?

இரும்புக்கை மாயாவியைத் திரைக்குக் கொண்டுவரும் ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் நெடுநாளாகப் பேசிவருகிறார். சூர்யா பெயரும் அடிபட்டது. அது நடந்தால் மகிழ்ச்சிதான். ஒன்றை மறக்க வேண்டாம். மூலக் கதையின் உரிமை இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அரை நூற்றாண்டாக நாம் நம்மவராக நினைத்த மாயாவி, சட்டப்படி இன்னொருவர் சொத்து. காத்தவராயனுக்கோ, அரவானுக்கோ, ஏரிக்கரை வீரனுக்கோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அவர்களுக்கு உருவம் கொடுக்கும் கைகளும் இங்கேயே இருக்கின்றன. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலையின் மூத்த கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பக்கத்து மண்ணாடிப்பட்டு கொம்யூனில், திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைக் கலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்குகிறது. கூத்து வாத்தியார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவ்வளவு பேரும் சில மைல் தூரத்துக்குள் இருந்தும், இவர்கள் கூடிச் செய்த ஒரு காமிக்ஸ் புத்தகத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் பழைய புத்தகக் குவியலில் மாயாவி கிடைப்பார்; வீரன் கிடைக்கமாட்டார்.

வாண்டுமாமா போன்றவர்கள் ஒரு காலத்தில் தமிழிலேயே சிந்தித்துப் படக்கதை எழுதினார்கள். அந்தத் தொடர்ச்சி அறுந்தது. மொழிபெயர்ப்பு தேவை, அது நம்மை வளர்த்தது. ஆனால் அதை மட்டுமே நம்பியிருந்தோம்.

பாகூர் செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைத் தானமாக எழுதிவைத்த செய்தி அதில் இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலம். படிப்புக்கு ஊரையே கொடுத்த மண்ணில், பிள்ளைகளுக்கு ஓர் அலமாரி கேட்பது பெரிய விஷயமில்லை. எனவே புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு கோரிக்கை. ஐந்து கொம்யூன்களின் கிளை நூலகங்களிலும் தமிழ் காமிக்ஸுக்கு என்று ஓர் அலமாரி ஒதுக்குங்கள். பல்கலைக்கூடத்து மாணவர்களைக் கூத்து வாத்தியார்களிடமும் வில்லியனூர்க் குயவர்களிடமும் அனுப்பி, ஊருக்கு ஒரு காவல் சாமியின் கதையைப் படக்கதையாக வரையச் சொல்லுங்கள். எப்படிச் செத்தார், யார் கொன்றார்கள் என்பதை மறைக்காமல் வரையட்டும். அச்சடித்து, அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே முதல் பிரதிகளைக் கொடுங்கள். இந்தக் கதைகளை முழுசாகப் பாடத் தெரிந்த வாத்தியார்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.